நூற்று நாற்பத்துமூன்று பணிவான பதில்கள்

அன்புள்ள பிரவீனா,

ஒரு தொழிலுக்கு இணையதளம் அமைப்பதில் மிகக் கடினமான வேலை, தொழில் செய்பவரிடமிருந்து உருப்படியான புகைப்படங்களை வாங்குவதுதான். இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். என் மனைவி சுலைஹா எடுத்துத் தந்த முதல் பன்னிரண்டு படங்களில் ஒன்பதில் அவளுடைய கட்டைவிரல் இருந்தது. மீதி மூன்றில் எங்கள் பூனை இருந்தது.

சுலைஹாவுக்காக நீங்கள் கட்டிய புதிய தளத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. பழைய தளத்தின் பெயரைப் புதியதற்கு மாற்ற முயன்றபோது உங்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வந்ததாக எழுதியிருந்தீர்கள். பழைய தளத்தில் ஏன் வாட்ஸ்அப் பொத்தானே இல்லை என்பது ஒன்று. வாடிக்கையாளர்கள் நிரப்பும் படிவம் ஏன் சுலைஹாவுக்குப் போகாமல் வேறு முகவரிக்குப் போகிறது என்பது இன்னொன்று. ஒரு தளத்தை ஒப்படைக்கும்போது எதையும் மறைக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்பது என் கொள்கை. அதனால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். யாருடைய கணினி நின்றாலும் "மாஹிரைக் கூப்பிடு" என்பார்கள். கூப்பிடும் குரலில் ஒரு தவிப்பு இருக்கும். அந்தத் தவிப்பு எனக்குப் பிடிக்கும் என்றால் தவறாக நினைக்காதீர்கள். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுலைஹா பாசிர் கூடாங்கில் கார் இருக்கை உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தாள். தைப்பவள் அல்ல, தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். பதினோரு ஆண்டுகள். அந்தப் பிரிவை மூடியபோது வேறு வேலை தேடப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். மாசாயில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு ஒருத்தி பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடையோ சேலை ரவிக்கையோ தைத்துக்கொண்டிருக்கிறாள். இயந்திரம் நின்றால் அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்க வேண்டும், அல்லது முன்பின் தெரியாத ஓர் ஆணை வீட்டுக்குள் விட வேண்டும். கருவிப் பெட்டியை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணே வீட்டுக்கு வந்து சரிசெய்தால் எப்படி இருக்கும்? நல்ல யோசனை. இப்போதும் சொல்கிறேன், மிக நல்ல யோசனை.

தளம் கட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். எல்லோரையும் போல வண்ணத்தையும் எழுத்துருவையும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. யாருக்காக, எதற்காக, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்குப் பிறகு சுலைஹாவை எதிரே உட்காரவைத்து, தாளும் பேனாவுமாகக் கேள்வி கேட்டேன்.

"அஞ்சு வருஷத்துல இந்தத் தொழில் எங்க இருக்கணும்?"

"ஸ்கூடாய்ல ஒரு கடை. எனக்குக் கீழ ரெண்டு பொண்ணுங்க," என்றாள். யோசிக்கவே இல்லை. "அப்புறம் நீங்களும் செனாய் வேலைய விட்டுட்டு வந்துரலாம்லா. கவுண்டர்ல உக்காந்து போன் எடுக்க ஒரு ஆள் வேணும்ல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். தாளில் 'ஸ்கூடாய், கடை, இருவர்' என்று எழுதினேன். கவுண்டரில் உட்காரும் ஆளை எழுதவில்லை.

ஐந்து பக்கங்கள் என்று முடிவு செய்தோம். முகப்பு, என்னென்ன பழுது பார்ப்பாள், எந்தெந்த ஊருக்கு வருவாள், அவளைப் பற்றி, தொடர்பு. மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதினேன். 'ஊசி உடைகிறதா? நூல் சிக்குகிறதா? நான் வருகிறேன்' என்ற முகப்பு வரி என்னுடையது. அதை அவள் இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள். "நான் பேசுற மாதிரியே இருக்குங்க," என்றாள். அவள் குரலில் எழுதுவது எனக்கு எவ்வளவு எளிதாக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. வாட்ஸ்அப் பொத்தான் வேண்டும் என்று சுலைஹா கேட்டாள். பெண்ணின் எண்ணைப் பொதுவில் போட்டால் கண்டவனும் செய்தி அனுப்புவான் என்று நான் சொன்னேன். இது உண்மை. நீங்களும் ஒரு பெண், உங்களுக்குத் தெரியாததல்ல. படிவம் போதும், பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், இயந்திரத்தின் வகை, என்ன கோளாறு, ஒரு படம், அவ்வளவுதான் என்றேன். அவள் அரைமனதாக ஒப்புக்கொண்டாள். அந்த முடிவை எடுக்கும்போது என் மனதில் வேறெதுவும் இல்லை. நான் சத்தியமாகச் சொல்லக்கூடிய கடைசி இடம் அது என்பதால் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி. சோதனைக் காலத்தில் படிவத்தை என் முகவரிக்கு வருமாறு வைத்திருந்தேன். எல்லோரும் செய்வதுதான். திறப்பு நாளன்று அதை அவள் முகவரிக்கு மாற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். மனிதன் மறப்பான்.

திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை, நோன்புக்கு இரண்டு மாதம் முன்பு. காலையில் வேலைக்குப் போகுமுன், அவளையே பொத்தானை அழுத்தச் சொன்னேன். பிஸ்மி சொல்லி அழுத்தினாள். அவள் அக்கா பஸீலா ஸ்கூடாயிலிருந்து கேக் அனுப்பியிருந்தாள், அதன்மேல் சீனிப்பாகில் ஒரு தையல் இயந்திரம். மதிய இடைவேளையில் பார்த்தேன். மூன்று விண்ணப்பங்கள் வந்திருந்தன. மாலை போனதும் அவளிடம் காட்டி, முகவரியையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏங்க, ஏதாச்சும் வந்துச்சா?"

"இன்னும் இல்ல. மொத நாள்தானே," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் முகம் வாடியது. பிறகு என் தோளில் தலையைச் சாய்த்து, "நீங்க மட்டும் இல்லன்னா நான் இந்த வேலையில எறங்கியே இருக்க மாட்டேன்," என்றாள். பதினோரு ஆண்டு மணவாழ்க்கையில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. நல்ல செய்தியை நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திவைத்தேன். மறுநாளும் அவள் தலையைச் சாய்த்தாள்.

வந்த மூவரையும் காத்திருக்கவைப்பது முறையல்ல. திங்கட்கிழமை மதியம் தொழிற்சாலை உணவகத்தில் உட்கார்ந்து மூன்று பதில்கள் எழுதினேன். 'இந்த மாதம் முழுவதும் முன்பதிவு ஆகிவிட்டது. வர இயலாததற்கு வருந்துகிறேன். தங்கள் மேலான பொறுமைக்கு நன்றி. அன்புடன், சுலைஹா.' பக்கத்தில் ஒரு சிறு பூப் படம்.

அதன்பிறகு ஒருவரைக்கூட நான் பதில் இல்லாமல் விட்டதில்லை. இன்றைக்குப் பெரிய நிறுவனங்களே ஒரு கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. நான் எல்லோருக்கும் அன்றே பதில் போட்டேன், அவரவர் மொழியில். ஐந்து மாதத்தில் நூற்று நாற்பத்துமூன்று பேர், திரும்பத் திரும்ப எழுதியவர்களை ஒருமுறையே எண்ணினால். நோன்பு மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் முப்பத்தொன்று. பெருநாள் துணி தைக்கும் நேரமல்லவா, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து படுத்துவிடுகின்றன. ஒரு பெண் தன் இயந்திரத்தின் படத்தோடு தன் பிள்ளைகளின் படத்தையும் அனுப்பி, எப்படியாவது வரச் சொன்னாள். அவளுக்குச் சற்று நீளமாகவே எழுதினேன்.

எல்லாவற்றையும் தடுத்தேன் என்று நினைக்காதீர்கள். மாதத்துக்கு இரண்டை அவளுக்கு அனுப்பிவைத்தேன். பக்கத்துத் தெரு, சிறிய கோளாறு, பகல் நேரம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்று வரும்போதும் அவள் சின்னப் பிள்ளை போல் ஆகிவிடுவாள். பெட்டியைத் துடைப்பாள், எண்ணெய்க் குப்பியை நிரப்புவாள். ஒரே நாளில் ஐந்து வந்திருந்தால் அந்தச் சந்தோஷம் இருந்திருக்குமா?

மற்ற நாட்களில் அவள் காத்திருந்தாள். ஒருநாள் தன் கைப்பேசியிலிருந்து தானே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தாள். நான் அதை உடனே அவளுக்கு அனுப்பிவைத்தேன். "வேல செய்யுதுங்க," என்றாள். "அப்போ கோளாறு வெப்சைட்ல இல்ல. எங்கிட்டதான்."

நான் மறுத்துப் பேசினேன். உனக்கென்ன குறை என்றேன், மெதுவாகத்தான் வளரும் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். மாலையில் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஐந்து மாதம் நான் எவ்வளவு நல்ல கணவனாக இருந்தேன் என்பதை அவள்கூட மறுக்க மாட்டாள்.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. "நம்பரப் போட்டு நோட்டீஸ் அடிக்கப் போறேன். பிளாட்டு பிளாட்டா ஏறிக் குடுத்துட்டு வர்றேன்," என்றாள். ஆயிரம் தாள் அச்சடித்தும் வந்துவிட்டது. அட்டைப்பெட்டி கூடத்தில் இருந்தது. வெயிலில் படி ஏறி இறங்கி, கதவு கதவாகத் தட்டி, யாராவது முகத்தில் அடித்தாற்போலப் பேசிவிட்டால் அவள் தாங்க மாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் நானே முந்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம் படிவத்தை நிரப்பினேன். பெயரும் எண்ணும் போடவில்லை. 'நீங்கள் கைவைத்த பிறகு என் இயந்திரம் துணியைக் கடித்துத் தின்கிறது. என் மகளின் கல்யாண ரவிக்கை வீணாய்ப் போனது. தெரியாத வேலையை ஏன் செய்கிறீர்கள்? இனி எந்த வீட்டுக்கும் போகாதீர்கள்.' இதை எழுதியவன் நான்தான். அவளுக்கு அனுப்பிவைத்தவனும் நான்தான்.

அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். அதுவரை அவளுக்கு வாய்த்த வாடிக்கையாளர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தன்னால் ஏதாவது கெட்டுப்போயிருந்தால் மன்னிக்கச் சொன்னாள். ஒன்பது பேரும் இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்றார்கள். ஒருத்தி தன் மருமகளுக்கும் பார்க்கச் சொல்லிக் கேட்டாளாம். கைப்பேசியை வைத்துவிட்டு, "எல்லாரும் நல்ல மனசு. என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்றாங்க," என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. நோட்டீஸ் பெட்டி அதன் பக்கத்தில் போனது. சுலைஹா பாசிர் கூடாங்கில் வேறொரு தொழிற்சாலையில் பொருள் அடுக்கும் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். அந்த வாரக் கடைசியில் அவளை டெசாரு கடற்கரைக்கு அழைத்துப் போனேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நிம்மதியாக இருந்தேன்.

அது பத்து நாள்தான் நீடித்தது.

மாசாயில் ஒரு துணிக்கடை. சனிக்கிழமை காலை. சுலைஹா தலையணை உறைக்கு நூல் வாங்க நின்றிருந்தாள், நான் காய்கறிப் பையோடு பக்கத்தில். கவுண்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கடைக்காரரிடம் நூல் தரமில்லை, அறுந்து அறுந்து போகிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சுலைஹாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, நூல்ல ஒண்ணும் இல்ல. பாபின் கேஸ்ல தூசி அடைச்சிருக்கும். தொறந்து பாத்தீங்களா?"

அந்த அம்மாள் திரும்பினார். "நீங்க மெஷின் பாப்பீங்களாம்மா?"

"பாத்துட்டிருந்தேன்க்கா. இப்ப இல்ல."

"மாசாய்ல சுலைஹான்னு ஒருத்தங்க இருக்காங்க, வெப்சைட்லாம் வெச்சிருக்காங்க. ஆறு தடவ எழுதிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஃபுல்லு, ஃபுல்லுன்னு பதில். அவ்ளோ பிஸிலா அவங்க."

சுலைஹா கையிலிருந்த நூல்கண்டைக் கவுண்டரில் வைத்தாள். "நாந்தான்க்கா அந்த சுலைஹா," என்றாள்.

"அலமாக்!" என்று திகைத்தார் அந்த அம்மாள். அவர் பெயர் ராஜம்மா என்று பிறகு தெரிந்தது. கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ஆறு பதில்கள். சுலைஹா மெதுவாகப் படித்தாள், ஒவ்வொன்றாக, கடைசிவரை. 'தங்கள் மேலான பொறுமைக்கு நன்றி' என்ற வரியில் அவள் விரல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் என் இடத்தில் வண்டியை நிறுத்தினால்கூட அந்த வரியோடு ஒரு தாள் எழுதித்தான் அதன் கண்ணாடியில் செருகிவைப்பேன். அதற்காக அவள் என்னைப் பலமுறை கேலி செய்திருக்கிறாள்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அக்கா, உங்க வீடு எங்க? இப்பவே வர்றேன்," என்றாள். "பெட்டி மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

ராஜம்மாவின் அடுக்குமாடிக்குக் கீழே நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பையில் கீரை வாடிவிட்டது. மேலே நான்காம் மாடியில் ஒரு தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. நிற்காமல் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்தாள். கையில் எண்ணெய் கழுவாமல் இருந்தது.

"எத்தன பேரு?"

"நூத்து நாப்பத்திமூணு," என்றேன். நான் கணக்கில் ஏமாற்றுபவன் அல்ல.

"அந்த கல்யாண ரவிக்க?"

"அதுவும் நான்தான். நீ வெயில்ல அலையக்கூடாதுன்னு."

"ஒம்போது பேருகிட்ட மன்னிப்பு கேட்டேங்க நான்."

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்."

எல்லாவற்றையும் அச்சடித்துத் தரச் சொன்னாள். தந்தேன். தேதி வாரியாக, துளையிட்டுக் கோப்பில் போட்டுத்தான் தந்தேன். அந்தக் கோப்பையும் பெட்டியையும் பூனையையும் எடுத்துக்கொண்டு ஸ்கூடாயில் பஸீலா வீட்டுக்குப் போய்விட்டாள். நூற்று நாற்பத்துமூன்று பேரையும் அவளே கூப்பிட்டுப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம். மீதிப் பாதியே அவளுக்கு மூன்று மாதத்துக்குப் போதுமாக இருந்ததாம். இப்போது ஸ்கூடாயில் ஒரு கடையின் முன்பாதியை எடுத்திருக்கிறாள். இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். ஐந்து வருடம் என்று எழுதியிருந்தோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொடக்கத்திலேயே இலக்கைத் தெளிவாக எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை, அதை எழுதவைத்தவன் நான்.

உங்கள் மின்னஞ்சலைப் படித்தபோது, சுலைஹா உங்களிடம் எதையும் சொல்லவில்லை என்று புரிந்தது. தன் அண்ணன்மார்களிடமும் சொல்லவில்லை. நான் மாசாயில் தனியாகத்தான் இருக்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. வேலையெல்லாம் கொஞ்சம் அடங்கி, அவளுக்கு ஒரு தோள் தேவைப்படும்போது வருவாள். நான் எங்கும் போகப்போவதில்லை.

பழைய படிவத்தை நேற்றே நிறுத்திவிட்டேன். பெயரை மாற்றுவதற்கான அனுமதியையும் கொடுத்துவிட்டேன். இனி அந்தத் தளத்தில் என் கை இல்லை.

உங்கள் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். திங்கட்கிழமை திறந்தீர்கள். அதன் வாட்ஸ்அப் பொத்தான் நன்றாக வேலை செய்கிறது, சுலைஹா பத்து நிமிடத்துக்குள் பதில் போடுகிறாள். அடுத்த வாரம் ஐந்து நாளும் முன்பதிவு ஆகிவிட்டது என்று உங்களிடம் சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள். கூலாயில் ஒன்று, கோத்தா திங்கியில் ஒன்று, பொந்தியானில் இரண்டு, செனாயில் ஒன்று. தெருப்பெயர்கள் சரியானவை, வீட்டு எண்கள் மட்டும் இல்லாதவை. ஐந்து பேருக்கும் 'கண்டிப்பாக வருகிறேன்' என்று எழுதியிருக்கிறாள். அந்த ஐந்து பேரும் நான்தான், ஐந்து புதிய எண்களிலிருந்து. திறந்த முதல் வாரமே ஒருவரும் அழைக்காமல் போனால் அவள் மனம் எவ்வளவு உடைந்துபோகும் என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

தங்கள் உண்மையுள்ள,
மாஹிர்